கிரிமினல் புரொஃபைலர் ஆக வேண்டுமா? வன்குற்றவாளிகளைப் படிக்கும் வேலைக்கு ஒரு முழு வழிகாட்டி

ஏமாற்றத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் எஃப்பிஐயில் 'புரொஃபைலர்' என்ற பெயரில் ஒரு பதவியே கிடையாது, இதை அவர்களே விண்ணப்பதாரர்களுக்கான கேள்வி பதிலில் வெளிப்படையாகச் சொல்கிறார்கள். விர்ஜீனியா மாநிலத்தில் குவாண்டிகோ என்ற இடத்தில் வன்குற்றப் பகுப்பாய்வுக்கான தேசிய மையம் இருக்கிறது. அங்குள்ள நடத்தைப் பகுப்பாய்வுப் பிரிவுகளில் மூத்த ஏஜெண்டுகள் செய்யும் பல வேலைகளில் ஒன்றைத்தான், அதாவது குற்றம் நடந்த விதத்தை வைத்து அதைச் செய்தவன் எப்படிப்பட்டவன் என்று கணிப்பதைத்தான், நாம் வெளியிலிருந்து புரொஃபைலிங் என்கிறோம். அங்கே போக ஆசைப்படுவதற்கே 3 வருடம் ஏஜெண்டாக இருந்திருக்க வேண்டும், போட்டி காரணமாக உண்மையில் தேர்வாகிறவர்கள் பெரும்பாலும் 8 முதல் 10 வருட அனுபவக்காரர்கள். எனவே "பிளஸ் டூ முடிச்சதும் எந்த கோர்ஸ் சேரணும்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: புரொஃபைலர் கோர்ஸைத் தேடாதீர்கள், பத்து வருடம் சலிக்காமல் செய்யக்கூடிய இன்னொரு வேலையைத் தேடுங்கள். அது எந்த வேலை, அதிலிருந்து இங்கே எப்படி வருவது என்பதைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

படி 1: வேலை என்னவென்று சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

சம்பவ இடத்தில் நின்று கண்ணை மூடி, "அவனுக்கு 32 வயசு, அம்மா மேல கோபம், இடது கைப் பழக்கம்" என்று சொல்லும் ஆள் நிஜத்தில் இல்லை. பெரும்பாலும் வேறு ஊர் போலீஸ் ஒரு கேஸ் கட்டை அனுப்பும். படங்கள், பிரேதப் பரிசோதனை அறிக்கை, சாட்சி வாக்குமூலங்கள், வரைபடம் எல்லாம் அதில் இருக்கும். சிலர் சேர்ந்து உட்கார்ந்து அதைப் படித்து, விசாரணை அதிகாரிக்குப் பயன்படுகிற மாதிரி ஆலோசனை தருவார்கள்: இந்த இரண்டு கொலைகளும் ஒரே ஆளின் வேலையா, சந்தேகப் பட்டியலில் யாரை முதலில் விசாரிக்கலாம், பிடிபட்டவனிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது, பத்திரிகைகளிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது.

கடைசியில் சொன்னதற்கு ஓர் உதாரணம், கான்சாஸ் மாநிலம் விச்சிட்டாவில் 1974 முதல் 1991 வரை 10 பேரைக் கொன்ற டென்னிஸ் ரேடர். பல வருட மௌனத்துக்குப் பிறகு 2004இல் அவன் மீண்டும் பத்திரிகைகளுக்கும் போலீசுக்கும் கடிதம் அனுப்ப ஆரம்பித்தபோது, அவனைப் பேச வைத்துக்கொண்டே இருப்பதுதான் திட்டமாக இருந்தது. அதற்கேற்ற அறிவிப்புகளை வடிவமைக்க குவாண்டிகோ உதவியது. பேச்சு வளர்ந்து, அவன் ஒரு ஃபிளாப்பி டிஸ்க் அனுப்பினான். அதில் அழிக்கப்பட்ட ஒரு கோப்பின் விவரங்களில் 'டென்னிஸ்' என்ற பெயரும் ஒரு தேவாலயத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தன. 2005 பிப்ரவரியில் கைது. பிடித்தது கணினித் தடயமும் டிஎன்ஏவும்தான், ஆனால் அந்த டிஸ்க் போலீசின் கைக்கு வந்தது அவன் பேச்சை நிறுத்தாததால்.

படி 2: வரலாற்றைப் படியுங்கள், பக்தி இல்லாமல்

எஃப்பிஐயின் நடத்தை அறிவியல் பிரிவு 1972இல் தொடங்கியது. ஹோவர்ட் டெட்டன், பேட்ரிக் முல்லனி ஆகியோர் போலீஸ் அதிகாரிகளுக்கு வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள், வகுப்பில் மாணவர்கள் கொண்டுவரும் தீராத வழக்குகளைப் பேசிப் பேசித்தான் இந்தத் துறை அங்கே உருவானது. எழுபதுகளின் கடைசியில் ராபர்ட் ரெஸ்லரும் ஜான் டக்ளஸும் சிறைகளுக்குப் போய்க் கொலையாளிகளிடம் பேசினார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாதவர் ஆன் பர்ஜெஸ் என்ற மனநல செவிலியர் பேராசிரியை. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களை ஆய்வு செய்துகொண்டிருந்த அவர்தான், இப்படி அரட்டை மாதிரி பேசி வந்தால் ஆய்வாகாது, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே படிவத்தில் பதியுங்கள் என்று ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். மொத்தம் 36 கொலையாளிகள், முடிவுகள் 1988இல் நூலாக வந்தன.

36 பேர். அவர்களும் பிடிபட்டவர்கள், பேசச் சம்மதித்தவர்கள், பெரும்பாலும் தங்களைப் பற்றிப் பேசுவதில் ருசி கண்டவர்கள். இந்தச் சிறிய கூட்டத்தை வைத்துத்தான் 'திட்டமிட்டுச் செய்பவன்', 'தாறுமாறாகச் செய்பவன்' என்ற இரண்டு பெட்டிகள் உலகம் முழுக்கப் போயின. 2004இல் பிரிட்டன் உளவியலாளர் டேவிட் கேன்டரும் சகாக்களும் அமெரிக்காவின் 100 தொடர் கொலைகளை எடுத்துப் புள்ளியியல் முறையில் சோதித்தபோது, இந்த இரண்டு பெட்டிகளும் தனித்தனியாகப் பிரியவே இல்லை. திட்டமிடல் ஏறக்குறைய எல்லா வழக்கிலும் இருந்தது. இன்றும் பல ஆன்லைன் வகுப்புகளில் முதல் பாடமே இந்த இரண்டு பெட்டிகள்தான் என்பது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

படி 3: மூன்று பாதைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

புலனாய்வுப் பாதை. எஃப்பிஐ சிறப்பு ஏஜெண்ட் ஆக அமெரிக்கக் குடியுரிமை, இளநிலைப் பட்டம், 2 வருட முழுநேர வேலை அனுபவம் (முதுகலை இருந்தால் 1 வருடம்) வேண்டும். வயது குறைந்தது 23, 37வது பிறந்தநாளுக்கு முன் பணியில் அமர்த்தப்பட வேண்டும். உடல்தகுதித் தேர்வு, பாலிகிராஃப் எனும் பொய் கண்டறியும் சோதனை, அக்கம்பக்கம் வரை போய் விசாரிக்கும் பின்னணிச் சோதனை எல்லாம் உண்டு. டாலஸிலோ நியூ ஜெர்சியிலோ பிறந்து வளர்ந்த நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இந்தக் கதவு திறந்தே இருக்கிறது, எச்1பி விசாவில் இருக்கும் அப்பாவுக்கு இல்லை. படிப்பு உளவியல்தான் என்ற கட்டாயமும் இல்லை. கணக்குப் பதிவியல், சட்டம், கணினி படித்தவர்களும் ஏஜெண்டாகச் சேர்கிறார்கள். சேர்ந்த பிறகு கொலை, குழந்தைகளுக்கு எதிரான குற்றம், ஆள்கடத்தல் என்று வன்குற்ற வழக்குகளில் வேலை செய்த அனுபவம்தான் குவாண்டிகோ பக்கம் கொண்டுபோகும்.

உளவியல் பாதை. பிரிட்டனில் இது தெளிவாக வகுக்கப்பட்டிருக்கிறது. அங்கே 'தடயவியல் உளவியலாளர்' என்ற பெயரையே சட்டம் பாதுகாக்கிறது, பதிவு இல்லாமல் யாரும் அப்படிப் போட்டுக்கொள்ள முடியாது. உளவியல் பட்டம், தடயவியல் உளவியலில் முதுகலை, அப்புறம் மேற்பார்வையின் கீழ் சில வருடப் பயிற்சி. பெரும்பாலோர் சிறைத்துறையில் பயிற்சி உளவியலாளராகத் தொடங்குகிறார்கள். இவர்களின் தினசரி வேலை, முகம் தெரியாத கொலையாளியைக் கண்டுபிடிப்பது இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் கைதி வெளியே போனால் மறுபடி தாக்குவானா என்று மதிப்பிடுவது. வன்குற்றவாளிகளைப் படிக்க வேண்டும் என்பதுதான் உங்கள் உண்மையான ஆசை என்றால், என் கணிப்பில் மூன்றில் இதுதான் சிறந்த பாதை, ஏனென்றால் குவாண்டிகோ ஏஜெண்டைவிட இவர்கள் குற்றவாளிகளோடு கழிக்கும் மணிநேரம் அதிகம்.

பகுப்பாய்வாளர் பாதை. துப்பாக்கி, பேட்ஜ் எதுவும் இல்லாத, பலர் கண்ணில் படாத வேலை. ஐம்பதுகளில் லாஸ் ஏஞ்சல்ஸ் துப்பறிவாளர் பியர்ஸ் புரூக்ஸ், தன் கையில் இருந்த கொலையைப் போல வேறு ஊரில் ஏதாவது நடந்திருக்கிறதா என்று பார்க்கப் பொது நூலகத்தில் உட்கார்ந்து வெளியூர்ப் பத்திரிகைகளைப் புரட்டினார். இதற்கு ஒரு கணினி வேண்டும் என்று அவர் வருடக்கணக்கில் சொல்லி, 1985இல் எஃப்பிஐயின் வைகேப் தரவுத்தளம் வந்தது. நாட்டின் எந்த மூலைப் போலீசும் தன் கொலை வழக்கின் விவரத்தை அதில் ஏற்றலாம், ஒப்பிடலாம். அந்தத் தரவோடு உட்கார்ந்து வேலை செய்பவர்களில் ஒருவரான கிறிஸ்டி பாலசோலோ பற்றிப் படி 6இல் வருகிறது.

படி 4: புள்ளியியலைத் தள்ளிப்போடாதீர்கள்

உளவியல், குற்றவியல், சட்டம், தடயவியல் அடிப்படை எல்லாம் படிப்பீர்கள், அதைப் பற்றிக் கவலை இல்லை. எல்லோரும் தப்பிக்கப் பார்ப்பது புள்ளியியலில். "தொடர் கொலையாளிகளில் பலர் சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்கள்" என்ற வாக்கியத்தைக் கேட்டதும், கொடுமைக்கு ஆளானவர்களில் கொலையாளி ஆனவர் எத்தனை பேர் என்ற எதிர்க் கேள்வி உங்களுக்கு உடனே வரவேண்டும். வராவிட்டால் இந்த வேலையில் அப்பாவி மாட்டுவான்.

கனடா உளவியலாளர் ராபர்ட் ஹேரின் மனவிகார அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். 20 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 40, வட அமெரிக்காவில் பொதுவாக 30ஐத் தொட்டால் 'சைக்கோபாத்' என்ற முத்திரை. பயிற்சி பெற்றவர் கைதியிடம் நீண்ட நேரம் பேசி, கோப்புகளையும் படித்துத்தான் மதிப்பெண் போட வேண்டும். இணையத்தில் பத்து கேள்விக்குப் பதில் சொல்லி மேனேஜருக்கு முத்திரை குத்துவது இதில் சேராது!

படி 5: கேஸ் கட்டைப் படிக்கும் முறை

இதை இன்றே ஆரம்பிக்கலாம். முடிந்துபோன வழக்குகளின் உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்தில் இலவசம். கீழே ஒரு வரிசை சொல்கிறேன், முதல் விதி மட்டும் மாறாது: குற்றவாளி யார் என்ற பகுதியைக் கடைசியில்தான் படிக்க வேண்டும்.

முதலில் பாதிக்கப்பட்டவர். அவருடைய தினசரிப் பழக்கம் என்ன, அந்த நேரத்தில் அந்த இடத்தில் அவர் இருப்பது வழக்கமா, யாரை நம்பிக் கதவைத் திறப்பார். இரவு இரண்டு மணிக்கு உள்தாழ்ப்பாள் உடையாமல் திறந்திருக்கிறது என்றால், ஆராய வேண்டியது கொலையாளியின் மனதை இல்லை, இறந்தவரின் பழக்க வட்டத்தை. புதியவர்கள் நேராகக் கொலையாளியின் மூளைக்குள் நுழையப் பார்ப்பார்கள், கதை அங்கேயே தடம் மாறும்.

அடுத்தது நேர வரிசை. ஒரு தாளில் கோடு போட்டு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் குறியுங்கள். அனுமானத்தைப் பென்சிலில் எழுதுங்கள்.

அதற்கப்புறம் காரியம் நடக்கத் தேவையானதையும், தேவைக்கு மேல் செய்ததையும் பிரியுங்கள். பூட்டை உடைத்த விதம், கையுறை, தப்பிய வழி இதெல்லாம் பாணி. அனுபவம் கூடக்கூட மாறும், ஒரு தடவை நாய் குரைத்து மாட்டப் பார்த்தவன் அடுத்த தடவை நாய்க்கு பிஸ்கட்டோடு வருவான். உடலைக் குறிப்பிட்ட விதத்தில் கிடத்துவது, ஏதோ ஒரு பொருளை எடுத்துப்போவது மாதிரி, குற்றம் நடக்கவே அவசியமில்லாத, அவனுக்கு மட்டும் அர்த்தம் உள்ள செயலைத் துறையில் 'கையெழுத்து' என்கிறார்கள். வழக்குகளை இணைக்கும்போது இதற்கு எடை அதிகம். ஆனாலும் கையெழுத்து எல்லா வழக்கிலும் இருக்காது, இருந்தாலும் ஒரே மாதிரி இருக்காது, தேடினால் எதிலும் ஒன்று கிடைத்துவிடும் என்பதுதான் ஆபத்து.

ஜோடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வீடு கலைந்திருக்கிறது, பீரோ திறந்திருக்கிறது, ஆனால் நகை அங்கேயே இருக்கிறது என்றால் யாரோ திருட்டு போலக் காட்ட முயன்றிருக்கலாம். அப்படிக் காட்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் தெரிந்த ஆளுக்குத்தான்.

கடைசியாக வரைபடம். வான்கூவர் போலீஸ்காரர் கிம் ராஸ்மோ 1995இல் முனைவர் பட்டம் வாங்கியது இதற்காகத்தான்: தொடர் குற்றங்கள் நடந்த இடங்களை வைத்து, அவன் தங்கியிருக்கக்கூடிய பகுதியைக் கணக்கிடும் சூத்திரம். கேன்டர் 1986இல் லண்டன் ரயில் நிலையங்களை ஒட்டி நடந்த பாலியல் தாக்குதல், கொலை வழக்கில் செய்ததிலும் இடம் முக்கியப் பங்கு வகித்தது. போலீசிடம் ஏறக்குறைய 2,000 பேர் கொண்ட பட்டியல் இருந்தது, உண்மைக் குற்றவாளி ஜான் டஃபி அதில் வெகு கீழே இருந்தான், கேன்டரின் குறிப்பு அவனை மேலே கொண்டுவந்தது. நல்ல புரொஃபைல் இதைத்தான் செய்யும். பட்டியலின் வரிசையை மாற்றும், பெயரைச் சொல்லாது.

படி 6: குற்றவாளியோடு பேசக் கற்றுக்கொள்ளுங்கள்

கலிஃபோர்னியா சிறையில் தொடர் கொலையாளி எட் கெம்பரை ரெஸ்லர் ஒருமுறை தனியாகச் சந்தித்தார். கெம்பர் ஏறக்குறைய 6 அடி 9 அங்குலம். பேச்சு முடிந்து காவலரை அழைக்க ரெஸ்லர் பொத்தானை அழுத்தினார், யாரும் வரவில்லை. மறுபடி அழுத்தினார், வரவில்லை. ஷிப்ட் மாறும் நேரம், வர நேரமாகும் என்று கெம்பரே விளக்கி, இப்போது நான் உன் தலையைத் திருகி எடுத்தால் என்ன ஆகும் என்ற பாணியில் பேச, காவலர் வரும்வரை ரெஸ்லர் பேச்சுக் கொடுத்தே நேரத்தைக் கடத்தினார். வெறும் ஜோக் என்று பிறகு சொல்லித் தோளில் கை வைத்தானாம். அதன் பிறகு இப்படிப்பட்ட நேர்காணலுக்கு யாரும் தனியாகப் போகக்கூடாது என்று எஃப்பிஐயில் விதி வந்தது.

போகும் முன் கோப்பு முழுக்க மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும், ஏனென்றால் அவன் முதல் அரைமணி நேரத்தில் உங்களைச் சோதிப்பான், ஒரு பொய்யைப் போட்டுப் பார்ப்பான், நீங்கள் தலையாட்டினால் மீதி எல்லாமே பொய்யாகத்தான் இருக்கும். உங்கள் குடும்பம், ஊர், பிள்ளைகள் பற்றி எதுவும் சொல்லாதீர்கள். தண்டனையைக் குறைக்கிறேன் என்பது போன்ற, உங்கள் கையில் இல்லாத வாக்கு வேண்டாம். அருவருப்பை முகத்தில் காட்டாதீர்கள், ரசிக்கிற மாதிரியும் காட்டாதீர்கள். இரண்டாவதுதான் கஷ்டம், சில பேர் சுவாரஸ்யமாகப் பேசுவார்கள்.

சாமுவேல் லிட்டில் வழக்கு இதற்கு நல்ல பாடம். 2014இல் லாஸ் ஏஞ்சல்ஸில் மூன்று கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்ட அவன் வேறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. வைகேப் தரவில் டெக்சாஸின் ஒடெஸா நகர வழக்கு ஒன்று அவனோடு பொருந்துவது போலத் தெரிந்தது. 2018இல் பகுப்பாய்வாளர் பாலசோலோவும் டெக்சாஸ் ரேஞ்சர் ஜேம்ஸ் ஹாலண்டும் கலிஃபோர்னியா சிறைக்குப் போனார்கள். லிட்டிலுக்கு ஒரே ஆசை, அந்தச் சிறையிலிருந்து மாற வேண்டும். அதை ஏற்றுக்கொண்டதும் பேச ஆரம்பித்தான். ஹாலண்ட் பீட்சாவும் குளிர்பானமும் வாங்கிக் கொடுத்து நாள்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். மொத்தம் 93 கொலைகளை ஒப்புக்கொண்டு, தான் கொன்ற பெண்களின் முகங்களை அவனே வரைந்தும் கொடுத்தான். 2019இல் 50 ஒப்புதல்கள் சரிபார்க்கப்பட்டதாக எஃப்பிஐ அறிவித்தது. ஒப்புக்கொண்டவுடன் யாரும் நம்பிவிடவில்லை, ஒவ்வொன்றையும் பழைய கோப்போடு ஒப்பிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

படி 7: தோல்விகளைத் தனியாகப் படியுங்கள்

1956இல் நியூயார்க்கில் குண்டு வைத்துக்கொண்டிருந்தவனைப் பற்றி மனநல மருத்துவர் ஜேம்ஸ் பிரஸ்ஸல் சொன்னதில், டபுள் பிரெஸ்ட் கோட்டைப் பொத்தான் போட்டு அணிந்திருப்பான் என்பது வரை பலித்ததாகப் புகழ்வார்கள். ஆனால் குண்டு வைத்த ஜார்ஜ் மெட்டெஸ்கியின் பெயரைக் கண்டெடுத்தது, கான் எடிசன் மின் நிறுவனத்தின் பழைய தொழிலாளர் கோப்புகளைப் புரட்டிய ஆலிஸ் கெல்லி என்ற அலுவலக ஊழியர். அவருக்குத்தான் யாரும் சிலை வைக்கவில்லை.

அதைவிட முக்கியமானது லண்டன் விம்பிள்டன் காமன், 1992. ரேச்சல் நிக்கெல் என்ற இளம்பெண் சின்ன மகன் கண்முன் கொல்லப்பட்டார். புரொஃபைலுக்குப் பொருந்துகிறார் என்று காலின் ஸ்டாக் என்பவர்மீது போலீஸ் கண் விழுந்தது. ஒரு பெண் போலீஸ் ரகசியமாக அவரோடு மாதக்கணக்கில் பழகி வக்கிரக் கற்பனைகளைப் பேசவைக்க முயன்றார், உளவியலாளர் ஒருவரின் ஆலோசனையோடு. ஸ்டாக் கொலையை ஒப்புக்கொள்ளவே இல்லை, இருந்தும் 13 மாதம் சிறையில் இருந்தார். 1994இல் நீதிபதி அந்த ஆதாரத்தைத் தூக்கி எறிந்தார். உண்மையான ஆள் ராபர்ட் நாப்பர், 2008இல்தான் குற்றத்தை ஒப்புக்கொண்டான். இடைப்பட்ட காலத்தில், 1993 நவம்பரில், அவன் இன்னொரு பெண்ணையும் அவளுடைய 4 வயது மகளையும் கொன்றிருந்தான். பிரிட்டனில் புரொஃபைலர்களுக்குப் பதில் 'நடத்தைசார் புலனாய்வு ஆலோசகர்' என்று கட்டுப்பாடும் மேற்பார்வையும் உள்ள முறை வந்ததற்குப் பின்னால் இந்த மாதிரி வழக்குகள் இருக்கின்றன.

அமெரிக்காவில் 1996 அட்லாண்டா ஒலிம்பிக் பூங்காவில் குண்டைக் கண்டு கூட்டத்தை அப்புறப்படுத்திய காவலாளி ரிச்சர்ட் ஜூவல், 'வீரனாகக் காட்டிக்கொள்ள ஆசைப்படும் தனி ஆள்' என்ற சித்திரத்துக்குப் பொருந்தியதால் சந்தேக நபரானார், செய்தி கசிந்து வாழ்க்கை நாசமானது. சில மாதங்களில் அவர் குற்றமற்றவர் என்று சொல்லப்பட்டது. குண்டு வைத்த எரிக் ருடால்ஃப் 2003இல் பிடிபட்டான்.

படி 8: இந்தியாவில் இருந்து தொடங்குபவர்களுக்கு

இங்கே குவாண்டிகோ மாதிரி ஓர் அமைப்பு கிடையாது. இருப்பது தடயவியல் ஆய்வகங்களில் உள்ள உளவியல் பிரிவுகள். அங்கே வேலையின் பெரும்பகுதி பாலிகிராஃப், மூளை வரைபடச் சோதனை போன்றவை. 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம், சம்மதம் இல்லாமல் இந்தச் சோதனைகளையோ, மருந்து கொடுத்துப் பேசவைக்கும் நார்கோவையோ யார்மீதும் திணிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. இந்தத் தீர்ப்பைப் படிக்காமல் அந்த வேலைக்குப் போகாதீர்கள். நடத்தைப் பகுப்பாய்வுக்கு நெருக்கமானது, இறந்தவரின் மனநிலையைப் பின்னோக்கி ஆராயும் உளவியல் பிரேதப் பரிசோதனை. 2018 டெல்லி புராரியில் ஒரே குடும்பத்தின் 11 பேர் இறந்தபோது சிபிஐயின் மத்திய தடயவியல் ஆய்வகம் அதைச் செய்தது. டைரிகளையும் உறவினர் வாக்குமூலங்களையும் படித்து, சாக வேண்டும் என்ற நோக்கம் அவர்களுக்கு இல்லை, சடங்கின்போது நேர்ந்த விபத்து என்ற முடிவுக்கு வந்தார்கள்.

படிப்புக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறை இருக்கிறது. காந்திநகரில் உள்ள தேசிய தடயவியல் அறிவியல் பல்கலைக்கழகத்தில் தடயவியல் உளவியல் படிக்கலாம். கைதிகளுக்கு மருத்துவ ரீதியில் மதிப்பீடும் சிகிச்சையும் செய்ய வேண்டுமானால் மருத்துவ உளவியல் படித்து இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்தாக வேண்டும், குற்றவியல் பட்டம் அதற்குப் போதாது. புலனாய்வு பக்கம் போகிறவர்களுக்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் எஸ்ஐ தேர்வுதான் நேர்வழி, சில வருடம் சட்டம் ஒழுங்கில் அலைந்துவிட்டு சிபிசிஐடி பக்கம் போக முயற்சி செய்யலாம். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 7 வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்கிறது. மாநிலங்களுக்கு 5 வருட அவகாசம் இருக்கிறது, அதற்குள் ஆட்கள் தேவைப்படுவார்கள்.

படி 9: உடம்பையும் மனதையும் கணக்கில் எடுங்கள்

1983 டிசம்பரில் ஜான் டக்ளஸ் சியாட்டில் விடுதி அறையில் சுருண்டு விழுந்தார். மூளைக்காய்ச்சல், சில நாள் கோமா. அப்போது அவர் கையில் ஏராளமான வழக்குகள், அவரே அதற்கு வேலைப்பளுவையும் காரணமாகச் சொன்னார். எல்லோருக்கும் இப்படி ஆகாது. ஆனால் குழந்தைகள் பாதிக்கப்பட்ட படங்களைத் தினமும் பார்க்கும் வேலை வீட்டுக்குக் கூடவே வரும். தூக்கம் கெடும், சொந்தப் பிள்ளையைக் கடைக்குத் தனியாக அனுப்பக் கை நடுங்கும். வேலையில் சேரும்போதே, நாள் முழுக்க எத்தனை மணி நேரம் படங்கள் பார்க்க வேண்டும், ஆலோசகர் இருக்கிறாரா, சிறிது காலம் வேறு பிரிவுக்கு மாற வழி உண்டா என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

சான்றிதழ் வியாபாரம் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறு வாரத்தில் 'சான்றளிக்கப்பட்ட கிரிமினல் புரொஃபைலர்' ஆக்குகிறோம் என்று வரும் விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள், அந்தச் சான்றிதழைக் காட்டினால் எந்தக் காவல் நிலையமும் ஒரு கேஸ் கட்டைக்கூடக் கையில் தராது. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல புள்ளியியல் பாடப் புத்தகமும், சட்ட மருத்துவப் புத்தகமும் வாங்கலாம். தீர்ப்புகள் இலவசம்தான், வாரத்துக்கு ஒன்று எடுத்து, படி 5இல் சொன்ன வரிசையில் குறிப்பெழுதிப் பாருங்கள்.